தோட்டக் கம்பனியில் 'தொடர்பு' வேலை: ஒரு தங்கச்சியின் கேள்விக்கு என் பதில்

பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து பேராதனையில் பட்டம் முடித்த தங்கச்சி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. கொழும்பில் ஒரு பெருந்தோட்டக் கம்பனியின் தலைமை அலுவலகத்தில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அரசாங்கத்தோடும், கண்காணிக்கும் நிறுவனங்களோடும், பொதுமக்களோடும் கம்பனியின் உறவைக் கவனிப்பதுதான் பொறுப்பு என்று நியமனக் கடிதத்தில் இருக்கிறதாம். "இது உண்மையில் என்ன வேலை? மந்திரிமாரைப் பிடித்துக் காரியம் முடிப்பதா? என் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். நாளைக்குச் சம்பளப் பிரச்சினை வந்தால் நான் அவருக்கு எதிராக எழுத வேண்டி வருமா?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, நானும் இதே பயத்தோடுதான் இந்த வேலைக்குள் போனேன். என் அம்மாவும் கொழுந்து எடுத்தவர். தலவாக்கலைப் பக்கத் தோட்டங்களில் எட்டு வருஷம் நலன்புரி உத்தியோகத்தராக இருந்தேன். பிறகு பத்தொன்பது வருஷம் தலைமை அலுவலகத்தில் நீங்கள் சொல்லும் அதே பொறுப்பு. இப்போது ஓய்வுபெற்று ஹட்டனில் இருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கம்பனி எடுக்கப்போகும் முடிவை வெளியில் இருப்பவர்களுக்கு எடுத்துச் சொல்வது இந்த வேலையின் ஒரு பாதி. வெளியில் இருப்பவர்கள் என்ன சொல்கிறார்கள் என்பதை, முடிவு எடுப்பதற்கு முன்னால் உள்ளே கொண்டுவருவது மறுபாதி. முதல் பாதியைச் செய்ய எல்லாக் கம்பனியிலும் ஆள் இருக்கும். இரண்டாவதைச் செய்பவர்கள் குறைவு, கம்பனிகள் அடிபடுவதும் அங்கேதான்.

முதலில் அரசாங்கத்தை எடுப்போம். வெளியிலிருந்து பார்த்தால் அரசாங்கம் ஒன்று போலத் தெரியும். தோட்டக் கம்பனிக்கு அது நாலைந்து முகமாக வந்து நிற்கும். முதல் முகம் நிலச் சொந்தக்காரர். 1972இலும் 1975இலும் வந்த காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்களை அரசாங்கம் எடுத்தது. ஜனவசம என்று நாம் சொல்லும் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் அவற்றை நடத்தின. நட்டம் கூடிக்கொண்டே போனதால் 1992இல் பிராந்தியக் கம்பனிகளை உண்டாக்கி, நிர்வாகத்தைத் தனியாரிடம் கொடுத்தார்கள். நிலம் மட்டும் இன்றைக்கும் அரசாங்கத்துடையதுதான். கம்பனியிடம் இருப்பது 2045 வரைக்குமான குத்தகை. அதோடு ஒவ்வொரு கம்பனியிலும் திறைசேரிச் செயலாளரின் பெயரில் ஒரு 'தங்கப் பங்கு' இருக்கிறது. அந்த ஒரே பங்கை வைத்துக்கொண்டு அரசாங்கம் கணக்கைப் பார்க்கக் கேட்கலாம், சில முக்கியமான மாற்றங்களுக்குத் தன் சம்மதம் வேண்டும் என்று நிற்கலாம். வேலையில் சேர்ந்த முதல் வாரமே உங்கள் கம்பனியின் குத்தகை ஒப்பந்தத்தை வாங்கி முழுதாக வாசியுங்கள். கொழும்பு அலுவலகத்தில் பத்து வருஷம் இருந்தும் அதை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காதவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது முகம், சம்பளத்தை நிர்ணயிக்கிறவர். மூன்றாவது, சட்டப்படி நடக்கிறீர்களா என்று பார்க்க வருகிறவர். தொழில் திணைக்களம், தேயிலைச் சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை, மண்சரிவு விஷயத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் எல்லாம் இதில் அடங்கும். நாலாவது முகம் ஓட்டுக் கேட்டு வருகிற மந்திரி. இத்தனை முகத்துக்கும் கம்பனியிலிருந்து வேறு வேறு ஆட்கள் பதில் சொல்லிக்கொண்டிருப்பார்கள். கணக்குப் பிரிவு திறைசேரிக்கு ஓர் இலக்கம் சொல்லும். மனிதவளப் பிரிவு தொழில் திணைக்களத்துக்கு இன்னோர் இலக்கம் அனுப்பும். பெரிய தொரை, அதாவது தோட்ட முகாமையாளர், காலையில் ஆட்களுக்கு வேலை பிரிக்கும் பிரட்டுக் களத்தில் மூன்றாவது ஒன்றைச் சொல்லுவார். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை, ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வதில்லை என்பதுதான் காரணம். ஆனால் கேட்கிற பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது பொய்யாகத்தான் படும். என் பத்தொன்பது வருஷத்தில் பாதிக்கு மேல் இந்த இலக்கங்களை ஒன்றாக்குவதில்தான் போனது. இன்றைக்கு யோசித்தாலும், நான் செய்ததில் மிகவும் பயன்பட்ட வேலை அதுதான் என்று தோன்றுகிறது.

கண்காணிக்கும் அதிகாரிகளோடு பழகும் விதம் தனி. மந்திரி மாறுவார், செயலாளர் மாறுவார், தொழில் அலுவலகத்தில் கோப்பைக் கையில் வைத்திருக்கும் உத்தியோகத்தர் பத்துப் பதினைந்து வருஷம் அந்த வட்டாரத்திலேயே இருப்பார். அவர் உங்களை நம்பினால் வேலை நடக்கும். அந்த நம்பிக்கை சின்னச் சின்ன விஷயங்களில்தான் வளரும். ஈ.பி.எப். என்னும் ஊழியர் சேமலாப நிதிப் பணம் அடுத்த மாதக் கடைசிக்குள் போய்ச் சேர வேண்டும்: தொழிலாளியின் 8 வீதம், கம்பனியின் 12 வீதம். ஏதோ காரணத்தால் பிந்தப்போகிறது என்றால், அவர் கண்டுபிடித்துக் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். நீங்களே எழுதுங்கள், எந்தத் திகதியில் கட்டுவோம் என்று சொல்லுங்கள், அந்தத் திகதியில் கட்டுங்கள். சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் முடியும் திகதி, ஸ்டோர் என்னும் தேயிலைத் தொழிற்சாலையின் பொயிலர் பரிசோதனை, பிள்ளைக் காம்பரா என்னும் குழந்தை பராமரிப்பு நிலையத்தைப் பார்க்க வருகிற நாள் எல்லாவற்றையும் ஒரே கலண்டரில் போட்டு வையுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் ஓர் அதிகாரி உங்கள் கம்பனியின் பெயரைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்குவாரா மாட்டாரா என்பது இதில்தான் இருக்கிறது. பரிசோதனைக்கு வந்தவரைப் பங்களாவுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு போடுவது பழைய தோட்ட வழக்கம். மலைக்கு வந்தவருக்குத் தேத்தண்ணி கொடுங்கள், அது மரியாதை. அதற்கு மேல் வேண்டாம். மதியம் அவர் பங்களாவில் சாப்பிட்டார் என்பது மாலை ஆறு மணிக்குள் கடைசி லயம் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) வரைக்கும் தெரிந்துவிடும். அதன்பிறகு அவர் எழுதுகிற நேர்மையான அறிக்கையைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

அப்புறம் மந்திரிமார். கொள்கையை மாற்றக் கேட்பதில் தவறு எதுவும் இல்லை. தோட்டத் துரைமார் சங்கம் கண்டியில் 1854இலேயே தொடங்கியது. கோப்பிக் காலத்துத் துரைமார் றோட்டுக்காகவும் ரயிலுக்காகவும் அன்றைய அரசாங்கத்தை நெருக்கிக்கொண்டே இருந்தார்கள், 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே காலத்தில் அந்தக் கோப்பி மூட்டைகளைச் சுமந்த நம் பாட்டன்மாருக்காக யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை. இந்த இரண்டும் ஒன்றாக நடந்தவை. இந்த வேலையின் வரலாற்றை யார் சொன்னாலும் இரண்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

கொள்கையைப் பற்றி அரசாங்கத்தோடு பேசுவது எப்படி என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணம் இரண்டு. 2015இல் கிளைபோசேட் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. வடமத்திய மாகாணத்தின் சிறுநீரக நோய் பற்றிய அச்சம் அதற்குக் காரணம். அந்த அச்சத்தை யாரும் அலட்சியமாகப் பேசக்கூடாது, அங்கே வீட்டுக்கு வீடு நோயாளிகள் இருந்தார்கள். ஆனால் தோட்டத்தில் களை மண்டியது. கையால் புல் வெட்ட ஆள் இல்லை. அட்டைக்கும் பாம்புக்கும் நடுவில் நின்று கொழுந்து எடுத்தது நம் பெண்கள்தான். அதே வேளையில் ஜப்பானுக்குப் போன தேயிலையில் வேறொரு களைகொல்லியின் எச்சம் இருப்பதாகப் பிரச்சினை எழுந்தது. அப்போது கம்பனிகள் மட்டும் பேசவில்லை. ஏற்றுமதியாளர்கள் பேசினார்கள், 1925இல் தொடங்கப்பட்டு இப்போது தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் பேசினார்கள், சிறு தோட்டக்காரர்களும் பேசினார்கள். 2018 ஜூலையில் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்த்தப்பட்டது.

2021இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தியபோதும் இதே மாதிரிதான். ஏப்ரல், மே மாதங்களில் வந்த முடிவை, தேயிலையைப் பொறுத்தவரை ஒக்டோபரிலேயே தளர்த்த வேண்டி வந்தது. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்கும் மேல் சிறு தோட்டங்களிலிருந்து வருகிறது என்பதை மறக்காதீர்கள். கம்பனி மட்டும் போய் நின்றால் 'முதலாளி தன் இலாபத்துக்காகக் கேட்கிறார்' என்பார்கள். அரை ஏக்கர்க்காரரும் அதையே சொல்லும்போது மந்திரிக்குக் கேட்கிறது. ஆகவே அரசாங்கத்திடம் எதையாவது கேட்கப் போகும் முன், இதே கோரிக்கையை நம்மைத் தவிர வேறு யார் சொல்வார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். தாள் வெறுமையாக இருந்தால் கோரிக்கையையே திரும்ப யோசிக்க வேண்டும்.

சரி, சம்பளத்துக்கு வருகிறேன். உங்கள் நெஞ்சில் இருக்கிற கேள்வி அதுதானே.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முதலாளிமார் சம்மேளனமும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து கூட்டு ஒப்பந்தம் போடுவது பல காலம் நடந்த முறை. 2016 ஒக்டோபரில் அது நாளொன்றுக்கு 730 ரூபாயில் முடிந்தது. அதில் அடிப்படைச் சம்பளம் 500 மட்டுமே, மற்றது வருகைக்கும் நிறைக்கும் விலைக்குமாகப் பிரித்துப் போட்டது. முழுத் தொகையும் கைக்கு வராத மாதங்கள்தான் அதிகம். தொழிலாளர் 1,000 ரூபாய் கேட்டுத் தெருவில் இறங்கினார்கள். 2019 ஜனவரியில் அடிப்படை 700, மொத்தம் 750 என்று முடிந்தது. அத்தோடு அந்த மேசையின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. 2021இல் விஷயம் சம்பள நிர்ணய சபைக்குப் போனது. 1941ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த அந்தச் சபையில் முதலாளிமார், தொழிலாளர், அரசாங்கம் நியமிப்பவர்கள் என்று மூன்று தரப்பு உண்டு. 900 ரூபாயும் 100 ரூபாயுமாகச் சேர்த்து 1,000 என்று மார்ச்சில் வர்த்தமானி வந்தது. கம்பனிகள் மேன்முறையீட்டு நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை கிடைக்கவில்லை. கூட்டு ஒப்பந்தத்திலிருந்தும் விலகின.

அதற்குப் பிறகு தோட்டங்களில் நடந்ததைப் பத்திரிகைகள் போதுமான அளவு எழுதவில்லை. பல இடங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக் கூலிக்கு, எடுக்க வேண்டிய நிறையைக் கூட்டினார்கள் என்று தொழிலாளர் முறையிட்டார்கள். 18 கிலோ, 20 கிலோ என்றார்கள். நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் கூலி. மலை காய்ந்து கிடக்கிற மாதத்தில் இருபது கிலோவுக்கு எங்கே போவது? கூட்டு ஒப்பந்தம் இருந்த காலத்தில் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் போய்ப் பேசவும், தொரை கேட்கவும் ஒரு முறை இருந்தது. இப்போது அந்தப் பாதையும் அடைபட்டுப் போனது. கம்பனிகள் இழந்தவற்றிலேயே பெரியது அந்தப் பாதைதான். அலுவலகத்தில் இருந்தபோதே இதை எழுத்தில் சொன்னேன், அன்றைக்கு அது எடுபடவில்லை.

2024 மே தினத்தில் கொட்டகலையில் வைத்து ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபாயை அறிவித்தார். வர்த்தமானியும் வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுத்தது, அந்த வர்த்தமானியும் மீளப் பெறப்பட்டது. செப்டம்பரில் 1,350 ரூபாய் என்று புதிய வர்த்தமானி. 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 1,350ஐ 1,550 ஆக்கி, வருகைக்காக இன்னும் 200 ரூபாயை அரசாங்கமே கொடுத்து, 1,750 ஆக்கும் யோசனையை முன்வைத்தார். ஆக, இரண்டு தரப்பு உட்கார்ந்து பேசிய விஷயம், சபைக்குப் போய், நீதிமன்றத்துக்குப் போய், கடைசியில் பாராளுமன்றத்தில் வரவு செலவுத் திட்டமாக வந்து நிற்கிறது. தனியார் கம்பனியின் கூலியில் ஒரு பங்கை மக்களின் வரிப்பணம் கொடுக்கும் நிலை இது. சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடியதல்ல.

கம்பனிகள் சொன்னது எல்லாமே பொய்யா என்றால் இல்லை. உற்பத்திச் செலவில் மிகப் பெரிய பங்கு கூலிதான், கொழும்பு ஏலத்தில் விலை ஏறி இறங்குவது கம்பனியின் கையில் இல்லை, பழைய செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்யப் பணம் வேண்டும். இவை உண்மை. ஆனால் இந்த உண்மையைக் கம்பனிகள் கொழும்பு ஹோட்டல் மண்டபங்களில் ஆங்கிலத்தில் பத்திரிகையாளர்களுக்குச் சொன்னார்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் யாரும் வந்து சொல்லவில்லை. தன் தோட்டத்தின் ஒரு கிலோ தேயிலை என்ன விலைக்குப் போனது, அதில் கூலிக்கு எவ்வளவு, கொழும்பு அலுவலகச் செலவுக்கு எவ்வளவு, முகாமைக் கட்டணமாக எவ்வளவு என்று ஒரு தொழிலாளி என்றைக்காவது பார்த்திருக்கிறாரா? பார்க்காத கணக்கை அவர் எப்படி நம்புவார்? மந்திரியின் முன்னால் வைக்கிற அதே கணக்கைத் தோட்டக் கமிட்டியின் முன்னாலும் வைக்கக் கம்பனிக்குத் துணிவு இருந்திருந்தால், 2019க்குப் பிறகு இவ்வளவு கசப்பு வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனிப் பொதுமக்கள். கொழும்பில் இருப்பவர்களுக்குப் பொதுமக்கள் என்றால் பத்திரிகை வாசகரும் தேயிலை வாங்குபவரும். மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் இருக்கிறது. இங்கே கம்பனியின் பொதுமக்கள் கம்பனியின் நிலத்திலேயே, கம்பனியின் லயத்திலேயே வாழ்கிறார்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்டத்துக்குள் பிரதேச சபை தன் நிதியைச் செலவு செய்ய முடியாமலே இருந்தது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அதுவரைக்கும் றோட்டு, தண்ணி, கூரைத் தகரம், மலசலகூடம் எல்லாவற்றுக்கும் தொரையிடம்தான் போக வேண்டும். பிரதேச சபைக்கு ஓட்டுப் போட்டோம், அந்தச் சபையால் நம் வாசலுக்கு ஒரு வாளி தார் கொண்டுவர முடியவில்லை. இப்படிப் பல தலைமுறையாகக் கம்பனியே அரசாங்கமாக இருந்த இடத்தில், இரண்டு நாள் வைத்திய முகாம் நடத்திப் படம் பிடித்துப் போடுவதைப் பொதுமக்கள் தொடர்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. முகாம் நல்லது, நடத்துங்கள். ஆனால் ஒழுகும் கூரையைப் பற்றிக் கொடுத்த கடிதத்துக்குப் பதில் போடுவது அதற்கு முந்திய வேலை.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்பனியின் பெயரும் இடமும் வேண்டாம். ஒரு தோட்டத்தின் இரண்டு டிவிசனுக்கு நடுவே ஓடும் ஆற்றில் சிறிய நீர்மின் நிலையம் கட்டத் திட்டம். நிலைபேறான வலுசக்தி அதிகாரசபை, சுற்றாடல் அதிகாரசபை, மின்சார சபை, பிரதேச செயலகம் என்று ஒவ்வொரு படியாக ஏறி இரண்டரை வருஷத்தில் எல்லா அனுமதியும் வாங்கினேன். சிறிய திட்டம் என்பதால் விரிவான சுற்றாடல் அறிக்கை கேட்கவில்லை. ஒரு கடிதம்கூடத் திரும்பி வரவில்லை. நான் பெருமைப்பட்ட கோப்பு அது. இயந்திரம் வந்த காலையில் நாற்பது பெண்கள் றோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள்.

காரணம் தண்ணி. தடுப்பணைக்கும் மின் நிலையத்துக்கும் இடையில் உள்ள துண்டில் ஆறு வற்றிப்போகும். கீழ் லயத்தார் தண்ணி எடுக்கும் பீலிக்குக் குழாய் போவது அந்தத் துண்டிலிருந்துதான். எங்கள் அறிக்கையில் 'இப்பகுதியில் நீர்ப் பாவனையாளர் இல்லை' என்று இருந்தது. அளவெடுக்க வந்தவர் மழைக்காலத்தில் வந்து, தோட்ட அலுவலகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு போயிருக்கிறார். அலுவலகத்துக்குத் தண்ணி வேறு ஊற்றிலிருந்து வருகிறது, கிளாக்கர் ஐயாவுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். லயத்தில் பிறந்தவன், பீலியில் குளித்து வளர்ந்தவன். அந்த வரியை நான் வாசித்தேன், அப்படியே கையெழுத்துக்கு அனுப்பினேன். அங்கே உட்கார்ந்திருந்த மாதர் தலைவி என்னைப் பார்த்து, "ஐயா, நீங்க ஒருக்கா எறங்கி வந்து கேட்டிருந்தா நாங்களே காட்டியிருப்போமே" என்றார். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. அது இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது.

தீர்வு பெரிய விஷயமாக இருக்கவில்லை. தடுப்பணைக்கு மேலே தனியாக ஒரு தொட்டி கட்டி, லயத்துக்கு நேரே குழாய் போட்டோம். கோடையில் எவ்வளவு தண்ணீரைத் திறந்துவிட வேண்டும் என்பதைத் தமிழில் எழுதி, மாதர் தலைவியும் தலைவரும் பெரிய தொரையும் கையெழுத்துப் போட்டார்கள். குழாய்க்குப் போன செலவு, இயந்திரம் சும்மா நின்ற நாட்களின் வாடகையைவிடக் குறைவு. வேலை நாலு மாதம் பிந்தியது.

நாடு முழுக்கத் தெரிந்த உதாரணங்களும் மலையகத்திலேயே இருக்கின்றன. மேல் கொத்மலைத் திட்டம் 150 மெகாவாட், 2012இல் இயங்கத் தொடங்கியது. தலவாக்கலையில் வீடுகளையும் கடைகளையும் இழப்பவர்களுக்கு என்ன கிடைக்கும், சென்கிளேயர் அருவி என்னாகும் என்ற கேள்விகளுக்கு ஒழுங்காகப் பதில் சொல்லி முடிக்கவே பல வருஷம் எடுத்தது. எதிர்ப்பு இருந்ததால்தான் மீள்குடியேற்றமும், அருவிக்குத் தண்ணி விடும் ஏற்பாடும் எழுத்தில் வந்தன. உமா ஓயாவில், சுரங்கம் தோண்டிய பிறகு பண்டாரவளைப் பக்கத்துக் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்கள் வெடித்தன. அங்கே மக்களிடம் பேசுவது சேதத்துக்குப் பிறகுதான் தொடங்கியது. அப்படித் தொடங்கினால் அது நட்டஈட்டுக் கணக்காகத்தான் முடியும்.

இதில் உயிரோடு சம்பந்தப்பட்டது மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்கூட்டியே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை கடிதமாகப் போகும், கோப்பில் ஏறும், 'சம்பந்தப்பட்டவர்களுக்கு அறிவிக்கப்பட்டது' என்று குறிப்பும் விழும். எங்கே போவது என்பதற்கு மட்டும் பதில் இருக்காது. போகச் சொன்னால் போதுமா, போக நிலம் வேண்டாமா? நிலம் அரசாங்கத்துடையது, குத்தகை கம்பனியுடையது, வீடு ட்ரஸ்ட் (பெருந்தோட்ட மனிதவள அபிவிருத்தி நிதியம்) கட்ட வேண்டியது என்று பந்து மூன்று பக்கமும் உருளும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு வந்த மழையில் மலையகம் மறுபடி சரிந்தது. தங்கச்சி, உங்கள் மேசைக்கு வரும் கடிதங்களில் மண்சரிவு எச்சரிக்கை ஒன்று இருந்தால் அன்றைக்கு மற்ற எல்லாவற்றையும் தள்ளி வையுங்கள். சிங்களத்தில் வந்திருந்தால் அன்றைக்கே தமிழில் எழுதி லயத்துக்கு அனுப்புங்கள். கையில் கிடைத்ததா என்று தொலைபேசியில் கேளுங்கள். காணி விடுவிக்கும் கடிதத்தைக் கம்பனியின் பக்கத்திலிருந்து நீங்களே தொடங்குங்கள். இதைச் செய்ய யாருடைய அனுமதியும் உங்களுக்கு வேண்டியதில்லை.

'மந்திரிமாரைப் பிடிப்பது' பற்றிக் கேட்டீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன், அதுவும் நடக்கிறது. கோயில் திருவிழாவுக்கு, விளையாட்டுப் போட்டிக்கு, கட்சிக் கூட்டத்துக்கு வாகனம் என்று கேட்டு வருவார்கள். அமெரிக்காவில் அரசாங்கத்திடம் கொள்கைக்காகப் பேசுபவர்கள் தங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1995இல் சட்டம் போட்டார்கள். நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லாததால் யார் யாரைச் சந்தித்து என்ன கேட்டார் என்பது வெளியே வருவதில்லை. ஆனால் 2023ஆம் ஆண்டின் ஊழலுக்கு எதிரான சட்டம் தனியார் துறைக்குள் நடக்கும் இலஞ்சத்தையும் குற்றமாக்கியிருக்கிறது. நான் ஒரு குறிப்புப் புத்தகம் வைத்திருந்தேன். எந்த அதிகாரியை, எந்த மந்திரியின் ஆளை, எந்த நாளில், எதற்காகச் சந்தித்தேன், என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்று அன்றன்று எழுதுவேன். கோயிலுக்குக் கொடுப்பதென்றால் கோயில் சபையின் கணக்குக்குக் காசோலை. தனி ஆளின் கையில் ஒரு சதமும் இல்லை. இரண்டு தடவை இதனால் மேலதிகாரியின் கோபத்துக்கு ஆளானேன். பிறகு ஒரு விசாரணை வந்த நாளில் அதே புத்தகம்தான் கம்பனிக்குத் துணையாக நின்றது.

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் படியுங்கள். கம்பனியில் இருப்பவர்கள் அதைத் தொல்லையாகப் பார்ப்பார்கள். நீங்கள் அப்படிப் பார்க்காதீர்கள். கம்பனி அரச நிறுவனங்களுக்குக் கொடுத்த பல ஆவணங்களை யாரும் அந்த நிறுவனத்தின் தகவல் அதிகாரியிடம் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் கொடுப்பதா இல்லையா என்று அவர் பதில் சொல்ல வேண்டும். லயத்துப் பையன்கள் இதை நன்றாகப் பழகிவிட்டார்கள், எனக்கு அதில் மிகுந்த சந்தோஷம். ஆகவே அமைச்சுக்கு ஒரு கடிதம் எழுதும்போது, இதைக் கோயில் முன்றலில் வைத்துத் தலைவர் சத்தமாக வாசித்தால் நம் தொரையால் அங்கே நிற்க முடியுமா என்று யோசித்து எழுதுங்கள். நிற்க முடியாது என்றால் கடிதத்தை மாற்றுங்கள். பல தடவை கடிதத்தை மாற்றப்போய்க் கம்பனியின் முடிவே மாறியிருக்கிறது.

வெளிநாட்டில் வாங்குபவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. சான்றிதழ் கொடுக்கும் நிறுவனங்கள் வருஷா வருஷம் வருகின்றன. 2021இல் ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா வந்து, தோட்டத் தொழிலாளரின் நிலை பற்றிக் கடுமையாகவே எழுதினார். பரிசோதகர் வருகிற நாளுக்கு மட்டும் லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னால் அதில் சேராதீர்கள்.

அம்மாவுக்கு எதிராக எழுத வேண்டி வருமா? வரலாம். மறைப்பதில் பயனில்லை. சம்பளப் பேச்சு வரும்போது கம்பனியின் வாதத்தை எழுதித் தரச் சொல்லி உங்களிடம்தான் கேட்பார்கள். அப்போது எழுதுங்கள், ஆனால் உண்மையான இலக்கத்தோடு எழுதுங்கள். ஒரு நாளில் எத்தனை பேர் முழு நிறை எடுத்தார்கள், எத்தனை பேருக்கு அரைப் பேர் விழுந்தது, மாதத்தில் எத்தனை நாள் வேலை கொடுத்தோம் என்பதையும் அதே தாளில் போடுங்கள். எடுத்துவிடச் சொல்வார்கள். ஏன் எடுக்கக்கூடாது என்று விளக்குங்கள்: சம்பள நிர்ணய சபையில் எதிர்ப் பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இலக்கம் ஏற்கெனவே தெரியும், நாம் மறைத்தால் மற்ற இலக்கத்தையும் நம்ப மாட்டார். இந்தக் காரணத்தைக் கம்பனி ஏற்றுக்கொள்ளும், நான் பல முறை பார்த்திருக்கிறேன். பொய் இலக்கம் எழுது என்றே ஒருநாள் சொன்னால் அன்றைக்கு வெளியே வந்துவிடுங்கள். அப்படி வந்த இரண்டு பேரை எனக்குத் தெரியும், இரண்டு பேரும் நன்றாக இருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. அந்த அறையில் உட்கார்ந்திருப்பவர்களில் அரைப் பேர் விழுந்த நாளின் இரவு வீட்டில் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர் நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். அந்தக் கதிரையை வேண்டாம் என்று விட்டால் அதில் வந்து உட்காருகிறவருக்கு அது தெரியாது.

வேலையில் சேர்ந்த முதல் மாதத்தில் உங்கள் கம்பனியின் தோட்டம் ஒன்றுக்குப் போங்கள். சொல்லிவிட்டுப் போனாலும், காலையில் பிரட்டு நேரத்துக்கு முன்னால் போய்ச் சேருங்கள். பங்களாவில் தங்க வேண்டாம், டவுனில் தங்குங்கள். பிரட்டுக் களத்தில் என்ன சொல்கிறார்கள் என்று கேளுங்கள், பகல் நிறுவையின்போது கொழுந்து மடுவத்தில் நில்லுங்கள், பிறகு தோட்ட அலுவலகத்தில் தொழிலாளர் கொடுத்த கடிதங்களின் கோப்பைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதில் போடாத கடிதங்களைத் திகதி வரிசையில் எழுதிக்கொண்டு கொழும்புக்குத் திரும்புங்கள். ஹட்டன் பக்கம் வந்தால் என்னிடமும் அந்தப் பட்டியலைக் காட்டுங்கள், எதை முதலில் எடுப்பது என்று சேர்ந்து பார்ப்போம்.